பரிசோதனை 'இல்லை' என்கிறது, பயம் ஏன் நம்ப மறுக்கிறது?

கட்டாரில் நான்கு வருடங்கள் வேலை செய்துவிட்டு வன்னிக்குத் திரும்பிய ஒருவரைக் கடந்த வருடம் சந்தித்தேன். முப்பதுகளின் நடுப்பகுதியில் இருப்பவர். வெளிநாட்டில் இருந்தபோது ஒரேயொரு தடவை, ஆணுறை அணிந்து, ஒரு பெண்ணுடன் உறவு கொண்டிருக்கிறார். நாடு திரும்பிய பிறகு யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு என்று அலைந்து ஏழு தடவை எச்.ஐ.வி. பரிசோதனை செய்திருக்கிறார். ஏழும் நெகட்டிவ். அறிக்கைகளை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறார். வீட்டில் வைத்தால் மனைவியின் கண்ணில் படும் என்ற பயம். மனைவியோடு ஒன்றாகப் படுத்து ஒன்றரை வருடமாகிறது. பிள்ளையை முத்தமிடுவதில்லை. எட்டாவது பரிசோதனைக்கு எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்டார்.

(அவரை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

யுத்தத்துக்குப் பிந்திய வாழ்வு பற்றி எழுதுவதற்காகச் சந்திக்கும் மனிதர்களில் சிலர், பேச வந்த விடயம் எல்லாம் முடிந்து ஒலிப்பதிவை நிறுத்திய பிறகு இந்தக் கதைக்கு வருவார்கள். ஆண்களும் வருவார்கள், பெண்களும் வருவார்கள். நோய் இல்லை என்று எழுத்தில் கையில் இருக்கிறது. ஆனாலும் இருக்கிறது என்றே வாழ்கிறார்கள். இதை வெளியில் சொன்னால் முதலில் வரும் கேள்வி "அப்ப நீ என்ன செய்தனீ?" என்பதாகவே இருக்கும். அதனால் சொல்வதில்லை. சொல்லாததால் அது வளர்கிறது.

பரிசோதனை எதைச் சொல்கிறது?

பயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பரிசோதனையைப் பற்றித் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் சந்தேகம் நுழைகின்ற முதல் ஓட்டை அதுதான்.

எந்தத் தொற்றும் உடலுக்குள் போன மறுநாளே பரிசோதனையில் தெரியாது. தொற்று ஏற்பட்ட நாளுக்கும் அது பரிசோதனையில் தெரிய ஆரம்பிக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சாளரக் காலம் என்பார்கள். இன்று ஆய்வுகூடங்களில் பரவலாகச் செய்யப்படும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனை, வைரஸின் ஒரு புரதத்தையும் அதற்கு எதிராக நம் உடல் உருவாக்கும் பிறபொருளெதிரியையும் சேர்த்தே தேடுகிறது. நாளத்திலிருந்து எடுத்த குருதியில் இந்தப் பரிசோதனையைச் செய்தால், சந்தேகத்துக்குரிய தொடர்பு நடந்து 45 நாட்கள் கடந்த பின் வரும் நெகட்டிவ் முடிவை இறுதியானதாக எடுத்துக்கொள்ளலாம். விரல் நுனியில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனை என்றால் 90 நாட்கள். சிபிலிஸுக்கும் 90 நாட்கள். கொனோரியா, கிளமிடியா போன்றவை சுமார் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். தொற்றைத் தடுப்பதற்காக 72 மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்து 28 நாட்கள் எடுக்கும் மருந்தைப் பாவித்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்குச் சரியான திகதியை வைத்தியர் சொல்வார்.

நான் சந்தித்தவருடைய ஏழு பரிசோதனைகளில் முதலாவது, தொடர்பு நடந்து ஐந்து மாதங்களுக்குப் பிறகு செய்யப்பட்டது. அவருடைய கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது. பிறகு செய்த ஆறும் புதிதாக எதையும் சொல்லவில்லை.

இலங்கையில் 15 வயதிலிருந்து 49 வயது வரையானவர்களில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் 0.1 வீதத்துக்கும் குறைவு. தொற்று இருந்தாலும் அரச வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். மருந்தை ஒழுங்காக எடுத்து, குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. இந்த எல்லாவற்றையும் அவர் ஏற்கனவே படித்திருந்தார். என்னை விடக் கூடுதலாகவே படித்திருந்தார். ஆகவே இது தகவல் போதாமையால் வந்த பிரச்சினை இல்லை.

பழைய நோய், புதிய பெயர்

எயிட்ஸ் பற்றிய செய்திகள் உலகத்தைக் கலக்கிய ஆரம்ப நாட்களிலேயே வைத்தியர்கள் இதைக் கவனித்தார்கள். 1985இல் பிரித்தானிய மனநல மருத்துவ சஞ்சிகை ஒன்றில் 'போலி எயிட்ஸ்' என்ற பெயரோடு ஒரு கட்டுரை வெளிவந்தது. நோய் இல்லாத மனிதர்களிடம், நோய் வந்துவிடும் என்ற பயமே நோயின் அறிகுறிகளைப் போன்றவற்றை உண்டாக்குவதை அது விபரித்தது. அதற்கு முந்திய தலைமுறைகளில் இதே இடத்தில் சிபிலிஸ் பயம் இருந்தது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட வகைப்பாட்டில் இவ்வகைப் பயத்துக்கு 'நோய்ப் பதற்றக் கோளாறு' என்ற பொருளில் புதிய பெயர் கிடைத்தது. சிலரிடம் இது எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவமாகவும் வருகிறது. திரும்பத் திரும்பக் கை கழுவுபவர் இருப்பது போல, திரும்பத் திரும்பக் குருதி கொடுப்பவர் இருக்கிறார்.

இது இயங்கும் விதம் எளிமையானது. ஒரு எண்ணம் வருகிறது: "எனக்கு இருக்குமோ?" நெஞ்சு அடிக்கிறது. பரிசோதனை செய்கிறார். நெகட்டிவ் என்றதும் பெரிய நிம்மதி. அந்த நிம்மதி ஒரு வாரம், சில சமயம் ஒரே ஒரு இரவு நீடிக்கிறது. பிறகு அடுத்த எண்ணம் வருகிறது: மாதிரி மாறியிருக்குமோ? ஆய்வுகூடத்தில் கவனமில்லாமல் செய்திருப்பார்களோ? என்னுடைய உடம்பில் மட்டும் பிறபொருளெதிரி தாமதமாகத் தோன்றுமோ? மறுபடியும் பரிசோதனை.

ஒவ்வொரு நிம்மதியும் மூளைக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது: "ஆபத்து உண்மையானது, பரிசோதனை செய்ததால்தான் தப்பினாய்." ஆகவே அடுத்த முறை பயம் இன்னும் விரைவாக வருகிறது. சொறிச்சலுக்குச் சொறிவது போல, சொறியும்போது சுகம், பிறகு புண். பிரித்தானிய ஆய்வாளர்களான போல் சல்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வோர்விக் இருவரும் 1986இலேயே இதை விளக்கினார்கள். நோய் பற்றிய பதற்றத்தில் திரும்பத் திரும்ப ஆறுதல் தேடுவதே அந்தப் பதற்றத்தை உயிரோடு வைத்திருக்கிறது என்பது அவர்கள் கண்டது. எட்டாவது பரிசோதனையும் நெகட்டிவ் என்றுதான் வரும். ஒன்பதாவதுக்கான விதையும் அதிலேயே இருக்கும்.

உடம்பு சொல்லும் பொய்ச் சாட்சி

"அப்படியென்றால் எனக்கு ஏன் இந்த அறிகுறிகள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அறிகுறிகள் கற்பனை இல்லை. காரணம் வேறு.

நீண்ட நாள் பதற்றம் இரவில் வியர்க்க வைக்கும். பசியைக் கெடுத்து நிறையைக் குறைக்கும். வயிற்றோட்டம் வரும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். கை கால் விறைக்கும். தூக்கம் கெட்டால் வாயில் புண் வரும். இவை எல்லாம் எச்.ஐ.வி.யின் அறிகுறிகள் என்று இணையத்தில் இருக்கும் பட்டியலிலும் இருப்பவை.

பிறகு நாமே உண்டாக்கும் அறிகுறிகள். கழுத்திலும் அரையிலும் நிணநீர்க் கணு வீங்கியிருக்கிறதா என்று நாளுக்கு இருபது தடவை அழுத்திப் பார்த்தால் அந்த இடம் நோகும். கசிவு வருகிறதா என்று ஆணுறுப்பைப் பிதுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் சிறுநீர் வழி உரசுப்பட்டு எரியும், சில வேளை கசிவும் வரும். டெட்டோல் ஊற்றிக் கழுவினால் தோல் சிவந்து உரியும். பாமசியில் துண்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் அன்டிபயோட்டிக் வயிற்றைக் குழப்பும், பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்றைக் கொண்டுவரும். ஆணுறுப்பின் விளிம்பில் வரிசையாகத் தெரியும் சின்னச் சின்ன மணிகள் பல ஆண்களுக்கு இயல்பாகவே இருப்பவை. முன்பு யாரும் உற்றுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பயத்தைக் காசாக்குபவர்களும் இருக்கிறார்கள். 'இரகசிய நோய்களுக்குப் பூரண குணம்' என்ற விளம்பரங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இல்லாத நோய்க்கு மருந்து விற்பது சுலபம். குணமாகவில்லை என்று யாரும் பொலிஸுக்குப் போக மாட்டார்கள்.

எங்கள் மண்ணில் இந்தப் பயம்

இதுவரை சொன்னது லண்டனிலும் நடக்கும், சென்னையிலும் நடக்கும். எங்களுடைய இடத்தில் அதற்கு மேல் வேறு சில அடுக்குகள் இருக்கின்றன.

யாழ். மாவட்டத்தில் 2009இல் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, பதற்றத்தின் அறிகுறிகள் 32.6 வீதமானோரிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதமானோரிடமும் இருப்பதாகக் கண்டது. மூன்றில் ஒருவர் பதற்றத்தோடு வாழும் சமூகத்தில் அந்தப் பதற்றம் ஏதாவது ஒரு கொம்பைப் பிடித்துக்கொள்ளத் தேடும். சிலருக்கு அது நெஞ்சுவலி. சிலருக்குப் பிள்ளை பாடசாலையிலிருந்து வரப் பத்து நிமிடம் பிந்தினால் வரும் நடுக்கம். சிலருக்கு இந்தப் பாலியல் நோய்ப் பயம்.

கிபிர் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவர்கள் தப்பினார்கள். 'ஒன்றும் நடக்காது' என்று வெளியில் நின்றவர்களில் பலர் தப்பவில்லை. அந்த வருடங்களில் எங்கள் உடம்பு கற்றுக்கொண்டது இதுதான்: மோசமானதை எதிர்பார், சின்ன அறிகுறியையும் விடாதே. உயிரைக் காத்த அந்தப் பழக்கம் யுத்தம் முடிந்ததும் தானாக அணைந்துவிடவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண் இப்போது தன் தோலைப் பார்க்கிறது.

இரண்டாவது, நம்பிக்கை. 2009 ஜனவரியில் அரசாங்கம் பாதுகாப்பு வலயம் ஒன்றை அறிவித்து மக்களை அங்கே போகச் சொன்னது. போனவர்கள் மேல் என்ன விழுந்தது என்பது இதை வாசிக்கும் பலருக்கு நேரடியாகத் தெரியும். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையிலும் அது பதிவாகியிருக்கிறது. 2016இல், புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகளுக்குத் தடுப்பில் விச ஊசி ஏற்றப்பட்டதா என்ற சந்தேகம் வடக்கு முழுவதும் பேசப்பட்டது. வட மாகாண சபையிலும் அந்தக் கேள்வி எழுந்தது. 'நீ பாதுகாப்பாக இருக்கிறாய்' என்று அரச முத்திரையோடு வரும் ஒரு தாளை நம்பத் தயங்கும் ஒருவரை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். குருதிப் பரிசோதனை யாருடைய வாக்குறுதியும் இல்லை. அதே குருதியை வேறு இடத்தில் கொடுத்துச் சரிபார்க்கலாம். அரச வைத்தியசாலையை நம்பாதவர் தனியார் ஆய்வுகூடத்தில் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். அது நியாயமான சந்தேகம். இரண்டு இடங்களும் ஒரே பதிலைச் சொன்ன பிறகும் மூன்றாவது இடத்தைத் தேடச் சொல்வது வரலாறு இல்லை, பதற்றம்.

மூன்றாவது, பிழைப்பு. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். பொசிட்டிவ் என்றால் விசா இல்லை, அங்கே இருந்தால் திருப்பி அனுப்பப்படுவார். காணியை அடகு வைத்து வெளிநாடு போகும் குடும்பத்துக்கு அந்த ஒரு சொல் முழு வாழ்க்கை. உடம்பைப் பற்றிய பயத்துக்குள் கடனைப் பற்றிய பயமும் கலந்திருக்கிறது.

சொல்லப்படாத கதை

இந்தப் பயத்தோடு வருபவர்களில் சிலருக்கு அது தாங்களாகத் தேடிப் போன உறவிலிருந்து வந்ததில்லை. தடுப்பில், முகாமில், சோதனைச் சாவடியில் அவர்கள் உடல் மீது நடத்தப்பட்ட வன்முறையிலிருந்து வந்தது. பெண்களுக்கு மட்டுமில்லை, ஆண்களுக்கும் நடந்தது. ஆண்கள் அதை இன்னும் குறைவாகவே சொல்கிறார்கள்.

அவர்களுக்குப் பரிசோதனை முடிவு போதாமல் போவதற்குத் தனிக் காரணம் உண்டு. உளவியலாளர் ஸ்டான்லி ராச்மன் 1994இல் 'மன மாசு' என்ற கருத்தை எழுதினார். கண்ணால் காணும் அழுக்கு எதுவும் இல்லாதபோதும் உள்ளே அசுத்தமாகிவிட்டேன் என்ற உணர்வு அது. எவ்வளவு கழுவினாலும் போகாது. அவரும் நிக்கோல் பெயார்புரதரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தாக்குதலுக்கு உள்ளான பெண்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிறகு இந்த உணர்வு இருந்தது தெரியவந்தது.

இப்படிப்பட்ட ஒருவர் 'எனக்கு நோய் இருக்கிறதா?' என்று கேட்கும்போது, அதற்கு அடியில் 'எனக்கு நடந்தது என்னுள்ளே இன்னும் இருக்கிறதா?' என்ற கேள்வி இருக்கலாம். அதற்கு எந்த ஆய்வுகூடமும் பதில் சொல்ல முடியாது. அதற்கு ஒரு மனிதர் வேண்டும், நம்பிக் கேட்கக்கூடிய ஒருவர். விருப்பத்தோடு உறவு கொண்டு பிறகு குற்றவுணர்வில் தவிப்பவருக்கும் ஓரளவு இது பொருந்தும். மனைவிக்குச் செய்த துரோகத்துக்குத் தண்டனையாக நோயை எதிர்பார்ப்பவர், தண்டனை வரவில்லை என்ற செய்தியை நம்ப முடியாமல் தவிக்கிறார். குற்றவுணர்வைக் குருதியில் தேடினால் கிடைக்காது.

ஊருக்கும் வரும் இந்த நோய்

2016இல் குளியாப்பிட்டியில், தந்தை எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தியால் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பாடசாலைகள் கதவடைத்தன. சிறுவனுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதனை சொன்னது. பெற்றோர்கள் நம்பவில்லை. தங்கள் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தார்கள். விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் கண்டியில் ஒரு பாடசாலை அவனை ஏற்றுக்கொண்டது.

நெகட்டிவ் அறிக்கையை நம்பாமல் எட்டாவது தடவை குருதி கொடுக்கப் போகும் மனிதர், இந்தச் சமூகத்தைத்தான் தன் தலைக்குள் சுமந்துகொண்டு திரிகிறார். நோய் வந்தால் சாவேன் என்பதை விட, ஊர் அறிந்தால் என் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதே பலருடைய பயம். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களை நாம் எப்படி நடத்துகிறோமோ, அந்த அளவுக்கு நோய் இல்லாதவர்களும் பயந்து வாழ்வார்கள்.

என்ன செய்யலாம்?

இன்னும் பரிசோதனை செய்யாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு உட்பட மாவட்டங்களின் பெரிய அரச வைத்தியசாலைகளில் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. சேவை இலவசம். பெயரைக் கூப்பிடுவதில்லை, இலக்கம்தான். யாருடைய கடிதமும் தேவையில்லை. நடந்ததை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். எந்தெந்தப் பரிசோதனை, எந்தத் திகதியில், எது கடைசி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசிப் பரிசோதனையும் நெகட்டிவ் என்றால் அதோடு நிறுத்த வேண்டும். புதிய தொடர்பு ஏதும் ஏற்பட்டால், அல்லது வைத்தியர் பார்த்துச் சொன்னால் மட்டுமே மறுபடியும். 'நூற்றுக்கு நூறு உறுதியா?' என்ற கேள்விக்கு மருத்துவம் ஒருபோதும் ஆம் என்று சொல்லாது. உதாரணமாக, ஹெர்பிஸ், எச்.பி.வி. போன்ற மிகச் சாதாரணமான சில தொற்றுகள் வழமையான பரிசோதனைகளில் தேடப்படுவதில்லை. வீதியைக் கடக்கும்போதும் நூறு வீத உறுதி நமக்கு இல்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடக்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. உடம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும் போல் வரும்போது அதை அரை மணித்தியாலம் பிற்போடுங்கள். மறுநாள் ஒரு மணித்தியாலம். பதற்றம் ஏறும், ஏறி ஒரு கட்டத்தில் தானாக இறங்கும். அது தானாகவே இறங்கும் என்பதை உடம்பு அறிவதுதான் சிகிச்சையின் முக்கால்வாசி. அறிகுறிகளைக் கூகுளில் தேடுவதை நிறுத்துங்கள். பழைய அறிக்கைகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதும் ஒருவகைச் சோதனைதான்.

குடும்பத்தில் ஒருவர் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால், நூறு தடவை "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதால் பயனில்லை. ஏசுவதாலும் பயனில்லை. "நீ பயந்துபோய் இருக்கிறாய், அது விளங்குது. வா, டொக்டரிட்டப் போய்க் கதைப்பம்" என்று ஒரு தடவை சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் தொடர்ந்து, வேலையையோ தூக்கத்தையோ உறவையோ குலைத்தால், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் உளச்சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது. இங்கிலாந்தில் ஒரு பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு வந்தவர்களுக்கே அதைக் கொடுத்துப் பார்த்து, பயம் குறைந்ததை 2008இல் பதிவு செய்தார்கள். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். சுவீடனில் 2023இல் வெளியான ஆய்வொன்று, கடுமையான நோய்ப் பயத்தோடு வாழ்பவர்கள் தற்கொலையால் இறக்கும் ஆபத்து மற்றவர்களை விடச் சுமார் நான்கு மடங்கு என்று காட்டியது. ஆகவே 'சும்மா பயம்' என்று இதைத் தள்ளிவிட முடியாது.

யாழ். போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை முதலியவற்றில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நிறுவனம் உளவளத்துணை வழங்குகிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் அழையுங்கள்.

என்னிடம் எட்டாவது பரிசோதனைக்கு இடம் கேட்டவருக்கு நான் ஆய்வுகூடத்தின் பெயர் எதையும் சொல்லவில்லை. மனநல கிளினிக் நடக்கும் நாளைச் சொன்னேன். போவதா இல்லையா என்பது அவருடைய முடிவு. போகிறவர் தன்னுடைய ஏழு அறிக்கைகளையும் கொண்டுபோகத் தேவையில்லை. அங்கே அவற்றைப் பற்றி அல்ல, அவரைப் பற்றித்தான் கேட்பார்கள்.